வெள்ளை கவுனின் பக்கத்தையல்

குமுளியில் மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். கீழே ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை படியேறி என் தையல் கடைக்குள் வந்து, தொங்கும் துணிகளிலெல்லாம் ஒட்டியிருந்தது. பியூலா அக்கா குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு பொருளை எடுத்து என் வெட்டு மேஜையில் வைத்தார்.

பிரித்தால், ஒரு பழைய போட்டோ. எஸ்டேட் பங்களாவின் படிக்கட்டில் ஒரு கல்யாண ஜோடி. மாப்பிள்ளை கோட்டில் இருந்தார். பெண் கழுத்து மூடிய வெள்ளை கவுனில், கை நிறையப் பூவோடு.

"ஏட்டி செல்வி, எங்கம்மா போட்டிருக்கால்ல இந்தக் கவுனு, இதே மாதிரி ஒண்ணு தைக்கணும். அச்சு அசலா."

"யாருக்குக்கா? நாடகத்துக்கா?"

"நாடகமா? எனக்குத்தான்ட்டி. எனக்குக் கல்யாணம்."

என் கையிலிருந்த சுண்ணக்கட்டி கீழே விழுந்தது. பியூலா அக்காவுக்கு அப்போது அறுபது தாண்டி மூன்று வயதோ நான்கு வயதோ.

அறுபதில் ஒரு கல்யாணம்

எங்கள் எஸ்டேட் ஆசுபத்திரியில் நர்ஸாக இருந்தவர் அவர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் என் வயதுக்காரர்களுக்கு அவர் பெயர் என்றால் ஊசிதான் நினைவுக்கு வரும். அழுதால் திட்டுவார், அழாவிட்டால் ஒரு மிட்டாய் தருவார். சிரித்துப் பார்த்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை பெயர் ஆரோக்கியம். டீ பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். அந்தக் காலத்திலேயே பியூலா அக்காவுக்கு ஒரு கடிதம் கொடுத்தாராம். அவர் ஆர்.சி. கத்தோலிக்கர், அக்கா எங்கள் புராட்டஸ்டன்ட் சபை. கடிதம் அம்மா கையில் சிக்கி, அடுப்புக்குப் போய்விட்டது. அவரும் வேறு பெண்ணைக் கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து அனுப்பிவிட்டு, கடைசியில் பிரஷர் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். வாராவாரம் பிரஷர் பார்த்துப் பார்த்து, இப்போது கல்யாணம்.

"தம்பி என்ன சொல்றாக?" என்று கேட்டேன். அக்காவின் ஒரே தம்பி சாமுவேல் கம்பத்தில் வாத்தியாராக இருந்தவர்.

"குதிக்கான். அம்மா இருந்தா தாங்குவாளாங்கான். கட்டுறதுதான் கட்டுற, ஒரு சேலையக் கட்டிட்டு ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டுப் போ, வெள்ளைக் கவுனு எதுக்கு, ஊரு சிரிக்கும்ங்கான்." போட்டோவைத் துப்பட்டாவால் துடைத்தார். "நம்ம எஸ்டேட்ல கவுனு போட்டுக் கல்யாணம் கட்டுனது எங்கம்மா ஒருத்திதான். பங்களாவுல ஆயாவா இருந்தா. மேடத்தோட அம்மா காலத்துக் கவுன மேடமே எடுத்துக் குடுத்தாகளாம். எனக்கு அதான் வேணும்."

"அந்தக் கவுன் எங்கக்கா?"

"கல்யாணம் முடிஞ்சதும் மேடம் திருப்பி வாங்கிட்டாகன்னு அம்மா சொல்லுவா."

சரி என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சரி என்று சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

போட்டோவில் தெரியாத முதுகு

எங்கள் தொழிலில் புது அளவு எடுப்பது குறைவு. பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, "இதே அளவுல" என்பார்கள். அந்த அளவு ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்திருந்தால் உடம்பு பூசியிருக்கிறது. பிடித்துத் தைத்திருந்தால் மனசு சரியில்லை, அல்லது சர்க்கரை. வீட்டில் சொல்லும் முன்பே சில கர்ப்பங்கள் எனக்குத் தெரிந்திருக்கின்றன. ஆனால் தையற்காரிக்குத் தெரிவதெல்லாம் மேஜையோடு நின்றுவிட வேண்டும். என் இத்தனை வருடத்தில் அதை மீறியதில்லை.

இங்கே அளவு கவுன் இல்லை. இருந்தது ஒரு போட்டோ, அதுவும் முன்பக்கம் மட்டும். முதுகில் பொத்தானா, கொக்கியா? பாவாடை பின்னால் சுருக்கா, மடிப்பா? ஒன்றும் தெரியாது. மார்பில் மட்டும் தேங்காய்ப்பூ மாதிரி சன்னமான டக்கு மடிப்புகள் தெரிந்தன. மார்புத் துணி இடுப்புப் பட்டையின் மேல் புறா நெஞ்சைப் போலப் புடைத்து விழுந்திருந்தது.

முதலில் உயரம் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன். போட்டோவில் படிக்கட்டு இருக்கிறதே. பங்களா இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் இடமாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே அங்கே போனேன். வாட்ச்மேன் என் இன்ச் டேப்பைப் பார்த்துவிட்டு, "பஞ்சாயத்துல இருந்தா சேச்சி?" என்று பயந்து எழுந்தார். இல்லை, படியை அளந்துகொண்டு போகிறேன் என்றேன். அவர் சந்தேகத்தோடு பின்னாலேயே வந்து, டேப்பின் மறுமுனையைப் பிடித்தும் கொடுத்தார்.

ஒரு படி ஏழு அங்குலம். அதைவைத்துப் போட்டோவில் இருந்த பெண்ணின் உயரத்தைக் கணக்குப் போட்டேன். ஐந்தடி சொச்சம். பியூலா அக்காவின் உயரம்தான். ஆனால் இடுப்புப் பட்டை மட்டும் இடித்தது. ஐந்தடிப் பெண்ணுக்கு இடுப்பு இருக்க வேண்டிய இடத்திலிருந்து மூன்று அங்குலம் மேலே, மார்புக்குக் கீழேயே கட்டியிருந்தது. நான்தான் தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சுருங்கிப்போன கவுன்

எறணாகுளத்தில் வேலை பார்க்கும் என் மகள் ஜெனியிடம் போனில் புலம்பினேன். "இதுக்கெல்லாம் வெளிநாட்டுல ஆளுங்க இருக்காங்கம்மா. நூறு வருசத்துக்கு முந்தின கவுன அளந்து, பேப்பர் கட்டிங் போட்டு வெச்சிருக்காங்க" என்றாள். இரண்டு நாளில் ஒன்றை அனுப்பினாள். பிரின்ட் எடுத்து ஒட்டினால் போதுமாம்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நாற்பத்தெட்டுத் தாள் எடுத்தேன். கடையை மூடிவிட்டுத் தரை முழுக்கப் பரப்பி, எண் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். முழங்கால் விட்டுப்போனது. காடாத் துணியில் வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு, பொம்மைக்கு மாட்டினால் தோளில் ஏறவே இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் சேரும்.

ஜெனி சொன்னாள்: "முதல் தாள்ல ஒரு சின்ன சதுரம் இருக்கும்மா. அது சரியா ஒரு இஞ்ச் இருக்கணும். அளந்தியா?"

அளந்தேன். ஒரு இஞ்ச் இல்லை. முக்கால்தான் இருந்தது. கடைக்காரப் பையனிடம் போய்ச் சண்டை போட்டேன். "சேச்சி, பேப்பர்ல ஒதுங்கணுமல்லோ, அதான் கொறச்சு செறுதாக்கி" என்று, தாளில் அடங்கச் சிறிதாக்கியதைச் சொன்னான், எனக்கு உபகாரம் செய்த முகத்தோடு. திரும்ப எடுத்துக் கொடுத்தான்.

இந்தத் தடவை அளவு சரியாக வந்தது. ஆனால் அது போட்டோவில் இருந்த கவுன் இல்லை. கழுத்து வேறு, கை வேறு, பட்டை இடுப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரியின் கவுன். பியூலா அக்கா வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான்ட்டி இருக்கு. ஆனா எங்கம்மாவுது இல்ல."

முக்காலி மேல் நின்ற தேவதூதன்

பூதக்கண்ணாடி வைத்து அந்த மார்பு டக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோரு டக்கு, ஒரு இடைவெளி, மறுபடி பதினொன்று. எண்ண எண்ண விரலில் என்னவோ ஊறியது. இதை நான் முன்பே எண்ணியிருக்கிறேன்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்குத் தேவதூதன் வேஷம். மேய்ப்பர்களுக்குச் சேதி சொல்ல வேண்டும். எங்கள் கோயிலில் தேவதூதனுக்கென்று ஒரே ஒரு வெள்ளை அங்கி உண்டு. பெரியவர்கள் அளவு. அதனால் பிள்ளையை முக்காலி மேல் ஏற்றி நிறுத்துவார்கள். அங்கி தரை வரை தொங்கி முக்காலியை மறைத்துவிடும். அந்துருண்டை வாசனை. கழுத்து அரிக்கும். திரை விலகும்வரை அசையக்கூடாது என்பதால், குனிந்து மார்பில் இருந்த மடிப்புகளை விரலால் எண்ணிக்கொண்டே நின்றேன். பதினொன்று, பிறகு ஒரு இடைவெளி, பிறகு பதினொன்று. எண்ணுகிற மும்முரத்தில் வசனம் மறந்து, மேய்ப்பர்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது தனிக் கதை.

மறுநாள் காலையே கோயிலுக்கு ஓடினேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சாவியைத் தேடி, நாடகப் பெட்டியைத் திறந்தார். காகிதக் கிரீடங்களுக்கும் ஒட்டுத்தாடிகளுக்கும் அடியில் அது இருந்தது. பழுப்பேறி, மெழுகு சிந்தி, அங்கங்கே இற்றுப்போய்.

"இதையா கேக்குறீக? பத்து வருசமா யாரும் போடுறதில்லையே. பியூலா சிஸ்டரோட அம்மா குடுத்ததுன்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றார். அவருடைய அப்பாவும் அங்கே கோயில்பிள்ளையாக இருந்தவர்தான்.

ஆக, மேடம் திருப்பி வாங்கவில்லை. அம்மாதான் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார். புதிதாக ஓர் அங்கி தைத்துத் தருகிறேன் என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டு, அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைக்கு வந்தேன்.

பட்டுப்பகுதி தொட்டால் உதிர்ந்தது. திரும்பப் போட முடியாது. ஆனால் எனக்கு வேண்டியது உடுப்பு இல்லையே. அதன் வடிவம்தான்.

பக்கத்தையல்

பிளேடு தொடவில்லை. ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கிப் பிரித்தேன். பிள்ளைகளுக்காகப் பிடித்திருந்த பெரிய மடிப்புகள் முதலில் பிரிந்தன. யாரும் எதையும் வெட்டவில்லை, எல்லாத் துணியும் உள்ளேயே மடங்கிக் கிடந்தது. முதுகில் இருந்தது கொக்கிதான். பாவாடைக்குப் பின்னால் ஆழமான இரண்டு மடிப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழுப்புத் தாளைப் பரப்பி ஒவ்வொரு பாகமாக வரைந்துகொண்டே வந்தேன்.

பக்கத்தையலுக்கு வந்தபோது கை நின்றது.

அக்குளுக்குக் கீழே தொடங்கி இடுப்பைத் தாண்டி, இரண்டு பக்கமும் நீள முக்கோணமாக ஒரு துண்டு சேர்த்திருந்தது. பட்டு இல்லை, கெட்டியான வெள்ளைப் பருத்தி. ஓரத்தில் நெய்த பூவேலை. பங்களாவின் மேஜை விரிப்பாக இருக்க வேண்டும். கவுன் முழுக்க மெஷின் தையல், இந்தத் துண்டுகள் மட்டும் கைத்தையல். பட்டையின் பழைய தையல் துளைகள் இடுப்பில் இருந்தன. புதிய துளைகள் மூன்று அங்குலம் மேலே. முன்பக்கத் துணியையும் கொஞ்சம் இறக்கி விட்டு, இன்னும் புடைக்க வைத்திருந்தார்கள்.

படிக்கட்டை நான் சரியாகத்தான் அளந்திருக்கிறேன். ஒடுங்கின இடுப்பும் ஐந்தடி உயரமும் உள்ள ஒரு பெண்ணுக்கு, வயிற்றில் மட்டும் ஆறு அங்குலம் கூடுதலாக வேண்டியிருந்திருக்கிறது. அவ்வளவு பெரிய பூங்கொத்து கையில் எதற்கு என்பதும் விளங்கியது.

போட்டோவைத் திருப்பிவைத்தேன். பியூலா அக்காதான் மூத்த பிள்ளை.

சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தேன். துண்டுகளை விட்டுவிட்டு, பட்டையைப் பழைய இடத்துக்கே இறக்கி, காடாவில் ஒரு கவுன் தைத்தேன்.

ஏழாம் மாசம்

பழைய கவுன் கோயில் பெட்டியில் கிடைத்ததையும் அதைப் பிரித்து வரைந்ததையும் அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அளவு பார்க்க வந்தவர் கண்ணாடி முன் நின்றார். கையில் போட்டோ. கழுத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், முகம் மலர்ந்துகொண்டே வந்து இடுப்பில் நின்றது.

"பெல்ட்டு கீழ இருக்குதே. அம்மாவுக்கு மேல இருக்கு பாரு."

"உங்களுக்கு இதான் எடுப்பா இருக்கும்க்கா."

"எனக்கு எடுப்பா இருக்கணும்னு நான் கேட்டேனா? நீதான் பழச பிரிச்சுப் பாத்தியே. அதுல எங்க இருந்துச்சு?"

என் வாயில் நான்கு குண்டூசி. எடுக்காமல் நின்றேன்.

"என்னட்டி முழிக்க? வாயில ஊசிய வெச்சுக்கிட்டு நிக்காதன்னு சின்னப் பிள்ளையிலயே சொல்லிருக்கேன். எடு. எடுத்துட்டுப் பேசு."

எடுத்தேன். நாற்பது வருடம் நோயாளிகளின் முகம் பார்த்தவரிடம் என்ன மறைப்பது? பழைய கவுனைக் கொண்டுவந்து மேஜையில் விரித்து, பக்கத்தையலைத் திருப்பிக் காட்டினேன்.

"இது அப்புறமா சேத்த துண்டுக்கா. கல்யாணத்துக்காக."

அவர் விரலை வைத்து அந்த முக்கோணத்தை மேலிருந்து கீழே தடவினார். "எம்புட்டு?"

"ரெண்டு பக்கமும் சேத்து ஆறு அங்குலம்."

கவுனைக் கழற்றாமலேயே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். காடாத் துணி அவரைச் சுற்றி விறைத்துக்கொண்டு நின்றது.

"நான் ஏழாம் மாசத்துல பொறந்தவளாம். கல்யாணத் தேதிய மட்டும் ஒரு நாளும் சரியாச் சொன்னதில்ல. பஞ்சுல சுத்தி அடுப்புப் பக்கத்துல வெச்சுக் காப்பாத்துனேன்னு ஆயிரம் தடவ சொல்லிருக்கா. எத்தன கொறமாசப் பிள்ளைய இந்தக் கையில வாங்கிருக்கேன். ஒரு நாளாச்சும் யோசிச்சேனா நான்?"

நான் குண்டூசிகளை ஒவ்வொன்றாகத் திண்டில் குத்திக்கொண்டிருந்தேன்.

"ஆரோக்கியத்தோட லெட்டர அடுப்புல போட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா? நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் ஒரு சொல்லு வந்ததில்லன்னா. நானும் சரின்னு தலைய ஆட்டிட்டு டூட்டிக்குப் போனேன்." குரல் ஏறியது. "ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. கடைசி மூணு வருசம் படுக்கையில குளிப்பாட்டி விட்டேனே, அப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல."

இவ்வளவு கோபமாக அவரைப் பார்த்ததே இல்லை. சொல்லித் தொலைத்தேனே என்று என்னையே நொந்துகொண்டேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையலைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது அம்மா கையி. தலகாணி உறையெல்லாம் இப்படித்தான் தைப்பா, ஒரு தையல் முன்னால, பாதி தையல் பின்னால." விரல் அங்கேயே நின்றது. "பத்தொம்பது வயசுட்டி அவளுக்கு. யாருக்குந் தெரியாம உக்காந்து தைச்சிருக்கா. அவசரமா தைச்ச மாதிரியே இல்ல பாரு. பயந்த மாதிரியும் இல்ல. என்னா சீரா இருக்கு."

பிறகு போட்டோவை எடுத்தார். பூங்கொத்து இருக்கும் இடத்தையே பார்த்தார். உதடு கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அப்ப இந்தக் கல்யாணத்துல நானும் இருந்திருக்கேன்."

அப்புறம்தான் அழுதார். நானும்தான்.

போகும்போது படியில் நின்று சொன்னார்: "பெல்ட்டு எனக்கு எங்க சரியோ அங்க வெச்சுக்க. ஆனா அந்த ரெண்டு துண்டும் என் கவுன்ல வேணும். அது எனக்காக வெச்சது."

எங்கள் கோயிலில்

அவருக்கு அந்த இடம் தேவையில்லை. ஒல்லியான உடம்பு. அதனால் முன்துணியிலும் பின்துணியிலும் அந்த அளவைக் குறைத்து, துண்டுகள் உட்கார இடம் பண்ணினேன். பட்டு இற்றுப்போயிருந்தாலும் மேஜை விரிப்புத் துணி உறுதியாக இருந்தது. அடியில் சன்னமான புதுத் துணி கொடுத்து, மெஷினில் போடாமல் கையாலேயே தைத்தேன். ஒரு தையல் முன்னால், பாதி தையல் பின்னால். அந்த நேர்த்தி எனக்கு வரவில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று சமீபத்தில் அக்காவிடம் கேட்டேன். "பேர மட்டும் மாத்திரு. தம்பிக்கு நானே சொல்லிட்டேன். கேட்டுட்டு, அம்மா தையலக் காட்டுன்னான்" என்றார். பெயரை மாற்றியிருக்கிறேன்.

ஆனால் கல்யாணத்தன்று சாமுவேல் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. வரமாட்டேன் என்றவர்தான். ஆராதனைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கம்பம் பஸ்ஸில் வந்து இறங்கி, மனைவி முன்னால் வர, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். உள்ளே ஆரோக்கியம் அண்ணன் தன் பிள்ளைகளோடு நின்றார். வெளியே பனிமூட்டமாக மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. நான் அக்காவின் பின்கொக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் சிரிக்கவில்லை. லயத்துப் பெண்கள் சுற்றி நின்று, கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாமுவேல் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். அக்காவை மேலிருந்து கீழே பார்த்தார். தூக்கி வைத்திருந்த முகம் இறங்கியது.

"அக்கா, அப்படியே அம்மாவாட்டம் இருக்க" என்றார்.

பியூலா அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியின் கையை எடுத்துத் தன் இடுப்பருகே, அம்மாவின் அந்தத் துண்டின் மேல் வைத்து அணைத்துக்கொண்டார்.

"அம்மாவாட்டந்தான்டா. வா, உள்ள கூட்டிட்டுப் போ."